தனியாக வராத கிருமி: திருத்தணியிலிருந்து ஓர் அன்றும் இன்றும்

திருத்தணி மலையடிவாரத்தில் சரவணப் பொய்கை. அதையொட்டி முடிக் காணிக்கை. ஆடிக் கிருத்திகை வந்தால் பூக்காவடியும் அரோகராவுமாக ஊரே மஞ்சளாகிவிடும். காவடிக்குச் சமமாக அங்கே கூட்டம் நிற்பது மொட்டை அடிக்கிற இடத்தில்தான். பிறந்த முடி எடுக்கிற குழந்தை, வேண்டுதல் முடிக்கிற தாய், நேர்ந்துகொண்ட தாத்தா என்று குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். நான் சிறுவனாக இருந்தபோது எல்லாத் தலைக்கும் ஒரே சவரக்கத்திதான். தோல்வாரில் நாலு இழுப்பு இழுத்துத் தீட்டிவிட்டு அடுத்த தலைக்குப் போவார் நாவிதர். வெட்டுப்பட்டால் படிகாரக் கட்டியை நனைத்து ஒரு தேய்ப்பு. அந்தப் படிகாரக் கட்டியும் எல்லாருக்கும் பொதுதான்.

இன்று ஒவ்வொரு தலைக்கும் புது பிளேடு. உறையைப் பிரிப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தாய்மார்கள் குழந்தையை மடியில் சாய்க்கிறார்கள். 2021 செப்டம்பரில் அறநிலையத் துறைக் கோயில்களில் மொட்டைக்குக் கட்டணமும் இல்லை என்றாகிவிட்டது. பிளேடு ஏன் மாறியது என்று வரிசையில் நிற்கிற யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: “எய்ட்ஸ் வந்த பிறகு.”

அது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. உடம்பை விட்டு வெளியே வந்த எச்.ஐ.வி. சீக்கிரம் வலுவிழந்துவிடும். அதே கத்தியில் ஒட்டிய ஹெபடைடிஸ்-பி கிருமி குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். மருத்துவமனை ஊழியர்களுக்கு ஒரு கணக்கு சொல்லிக் கொடுப்பார்கள். கிருமியுள்ள இரத்தம் பட்ட ஊசி கையில் குத்திவிட்டால், எச்.ஐ.வி. தொற்றுகிற வாய்ப்பு ஆயிரத்துக்கு மூன்று. ஹெபடைடிஸ்-சி என்றால் நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று. ஹெபடைடிஸ்-பி என்றால், தடுப்பூசி போடாதவருக்கு, நூற்றுக்கு முப்பது வரை போகும். ஊர் பயந்தது ஒரு கிருமிக்கு. அந்தக் கத்தி சுமக்கக்கூடியதாக இருந்தது வேறொரு கிருமியை.

எச்.ஐ.வி. தமிழ்நாட்டில் கண்டறியப்பட்டு நாற்பது ஆண்டு ஆகிறது. இந்த நாற்பது ஆண்டில் பாதிக்கு மேல் நாம் ஒரு கிருமியைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தோம். அதே இரத்தத்தில், அதே ஊசியில், அதே உறவில் கூடவே வருகிற கிருமிகளைப் பார்க்கப் பிந்திப்போனோம். எது மாறியிருக்கிறது, எது மாறவில்லை என்று எங்கள் மலையடிவாரத்தில் நின்று பார்த்ததை எழுதுகிறேன்.

காட்பாடி ரயிலில் போன இரத்தம்

1986 பிப்ரவரி. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுகலை படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலாவிடம், அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன் ஒரு வேலை கொடுத்திருந்தார்: எய்ட்ஸ் கிருமி தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டதா என்று தேடிப் பார்ப்பது. அமெரிக்காவில் அந்த நோய் முதன்முதலாகப் பதிவாகி ஐந்து ஆண்டுகூட முழுதாக ஆகாத காலம். இங்கெல்லாம் அது வராது என்று படித்தவர்களே நம்பினார்கள். மயிலாப்பூர் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழில் செய்த பெண்களிடமிருந்து நிர்மலா கொஞ்சம் கொஞ்சமாக எண்பது மாதிரிகள் எடுத்தார். சோதிக்கச் சென்னையில் வசதி இல்லை. வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்துக் காப்பாற்றிய இரத்தத்தை ஐஸ் பெட்டியில் எடுத்துக்கொண்டு, கணவரோடு இரவு ரயில் ஏறிக் காட்பாடியில் இறங்கி, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போனார்.

அந்த ரயில் பாதை எங்கள் ஊருக்குத் தெற்கே, பக்கத்திலேயே இருக்கிற அரக்கோணத்தின் வழியாகத்தான் போகிறது. நாங்கள் ஒன்றும் அறியாமல் தூங்கிய ஓர் இரவில் இந்திய மருத்துவ வரலாற்றின் ஒரு பக்கம் எங்களைக் கடந்து போயிருக்கிறது.

வேலூரில் ஆறு மாதிரிகள், கிருமி இருப்பதற்கு அடையாளமாக, மஞ்சள் நிறமாக மாறின. மறுபடி இரத்தம் எடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பி உறுதி செய்தார்கள். அந்த மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது உலகத்துக்குத் தெரிந்தது அப்படித்தான்.

ஒருவர் பலருடைய இரத்தத்தோடோ உறவோடோ தொடர்புடையவர் என்றால் எச்.ஐ.வி.க்குத் திறந்திருக்கிற அதே கதவு ஹெபடைடிஸ்-பி, சி, பாலுறவால் பரவும் மற்றக் கிருமிகள் எல்லாவற்றுக்கும் திறந்தே இருக்கும். ஆனால் அன்று எல்லார் கண்ணும் ஒன்றின் மேலேயே இருந்தது. அதைக் குறை சொல்ல முடியாது. அந்த ஒன்றுக்கே மருந்து இல்லை.

எல்லை ஊரும் தாம்பரமும்

திருத்தணி எல்லை ஊர். மொழிவாரி மாநிலம் பிரிந்தபோது ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் சிக்கி, ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய போராட்டத்தின் பலனாக 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் ஒரே மூச்சில் பேசப்படும். சென்னையிலிருந்து திருப்பதி போகிற சாலை எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. பகலில் யாத்திரை பஸ், இரவில் லாரி. தறி நம்பிய குடும்பங்களில் தறி நின்றுபோனால் ஆண்பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் கிளம்பிவிடுவார்கள்.

எச்.ஐ.வி. சாலையோடு நடக்கும் என்பதைத் தமிழ்நாடு நாமக்கல்லில் கற்றது. லாரித் தொழிலின் தலைநகரான அந்த ஊரில் தொற்று வெகுவாகப் பரவியது. ஓட்டுநர்களிடையே ஆணுறைப் பிரசாரம் அப்படித்தான் தொடங்கியது. நாட்டிலேயே முதலாவதாக 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது. பிறகு சுவரெங்கும் “புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?” என்ற கேள்வி வந்தது. குழந்தைகள்கூடச் சொல்லிக்கொண்டு திரிந்த கேள்வி அது. அடுப்படியில் பேசக் கூடாத விஷயத்தை டீக்கடைக்குக் கொண்டுவந்தது.

ஆனால் ஏற்கெனவே தொற்றியவர்களுக்கு? எங்கள் பக்கத்தில் ஒரே சொல்தான்: தாம்பரம். 1928இல் டாக்டர் சவுரிமுத்து காசநோயாளிகளுக்காக ஏற்படுத்திய சானடோரியம், 1993 முதல் எச்.ஐ.வி. உள்ளவர்களைச் சேர்த்துக்கொண்டது. மற்ற இடங்களில் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு அங்கே கட்டில் கிடைத்தது. ஆந்திரத்திலிருந்தும் ஏராளமானோர் வந்தார்கள். வீட்டில் “நெஞ்சு சளிக்கு வைத்தியம்” என்று சொல்லிவிட்டு ரயில் ஏறியவர்கள் எத்தனையோ பேர்.

அன்று அவர்களைக் கொன்றது எச்.ஐ.வி. நேராக அல்ல. அது காவலைக் கலைத்துவிடும். கொள்ளையடிக்க மற்றவை வரும். முதலில் காசநோய். அதோடு வைரஸ்களின் கூட்டம். சின்ன வயதில் வந்த அம்மை இறங்கிய பின்னும் அந்தக் கிருமி நரம்பில் உறங்கிக்கொண்டிருக்கும். எதிர்ப்புச் சக்தி இறங்கியதும் அக்கியாகக் கிளம்பும். எங்கள் ஊரில் அக்கிக்குக் குயவர் வீட்டுக்குப் போய்க் காவி எழுதிக்கொள்வார்கள். வயதானவர்களுக்கு வருவதுதான் வழக்கம். தொண்ணூறுகளில் இருபத்தைந்து, முப்பது வயசுப் பிள்ளைகளுக்கு இடுப்பைச் சுற்றி அக்கி வந்தது. காவி எழுதிவிட்டு வந்தார்கள். இளவயதில் அக்கி வந்தால் எச்.ஐ.வி. சோதனை செய்து பார்க்க வேண்டும் என்பது இன்று எந்தத் தோல் மருத்துவரும் சொல்கிற பாடம். அன்று அந்த எச்சரிக்கையைப் படிக்கத் தெரிந்தவர் குறைவு.

இன்னொன்று சைட்டோமெகலோ வைரஸ். ஆரோக்கியமாக இருக்கிற பெரும்பாலோர் உடம்பிலும் சத்தமில்லாமல் குடியிருப்பது. எதிர்ப்புச் சக்தியின் அளவுகோலான சி.டி.4 அணுக்கள் ஐம்பதுக்கும் கீழே போனவர்களுக்கு அது கண்ணின் விழித்திரையைத் தின்னும். உயிர் இருக்கும்போதே பார்வை போய்விடும். எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்தைச் சரியாகச் சாப்பிடுகிறவர்களிடம் இன்று அது அரிதாகிவிட்டது. பரிசோதனைக்கு வராமல் கடைசிக் கட்டத்தில் வந்து சேர்கிறவர்களிடம் மட்டும் இன்னமும் பார்க்கிறார்கள்.

கீழாநெல்லியின் கதை

எங்கள் பக்கத்தில் மஞ்சள் காமாலை என்றால் ஆஸ்பத்திரி ஞாபகம் வராது. கீழாநெல்லி ஞாபகம்தான் வரும். வெறும் வயிற்றில் அரைத்து மோரில் கலக்கிக் குடிப்பது, உப்பில்லாப் பத்தியம், எண்ணெய் விலக்கு. காமாலைக்கென்றே எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பச்சிலை கொடுக்கிற வீடுகள் உண்டு.

இந்தக் கீழாநெல்லி ஒருமுறை உலகத்தின் வாசலில் போய் நின்றது. ஹெபடைடிஸ்-பி கிருமியைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு பெற்றவர் பாருக் புளும்பெர்க். அவரும் சென்னைப் பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர் எஸ்.பி. தியாகராஜனும் சகாக்களும் 1988இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கிருமியை உடம்பில் சுமந்துகொண்டிருந்த 37 பேருக்குக் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது என்றது அந்த ஆய்வு. நமக்கெல்லாம் பெருமையாக இருந்தது. ஆனால் அதன் பிறகு மற்ற நாடுகளில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அறிவியலில் இப்படி நடப்பது அவமானம் ஆகாது. அதுதான் அறிவியலின் வழி. தாம்பரத்திலும் இரசகந்தி மெழுகு, அமுக்கரா சூரணம், நெல்லிக்காய் லேகியம் என்று சித்த மருந்துகளை எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வேறு எதுவும் இல்லாத காலத்தில் கையில் இருந்ததைக் கொண்டு மனிதரைத் தாங்கிப் பிடித்த முயற்சி அது. நன்றியோடுதான் நினைக்க வேண்டும்.

ஆனால் இன்று நிலைமை வேறு. காமாலையில் பல வகை உண்டு. அழுக்குத் தண்ணீரால் வருகிற ஏ, ஈ வகைகள் பெரும்பாலும் தாமாகவே இறங்கிவிடும். பத்தியத்தில் குணமானதாக நாம் நினைத்தவற்றில் அதிகம் இவைதான். பி, சி வகைகள் அப்படி இல்லை. கண் மஞ்சளாகாமலேயே இருபது, முப்பது ஆண்டு உள்ளே இருந்து கல்லீரலை நார்நாராக்கி, கடைசியில் சுருங்கவைக்கும். சிலருக்குப் புற்றாகவும் மாறும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் ஏறக்குறைய 3 கோடிப் பேருக்கு ஹெபடைடிஸ்-பியும் 55 லட்சம் பேருக்கு ஹெபடைடிஸ்-சியும் இருந்தன. பெரும்பாலோருக்கு அது தெரியாது.

எச்.ஐ.வி.யோடு இவை சேரும்போது நாட்கள் சுருங்குகின்றன. பெரியவர்களுக்கு ஹெபடைடிஸ்-பி தொற்றினால் நூற்றில் தொண்ணூற்றைந்து பேர் உடம்பு தானாகவே அதை விரட்டிவிடும். எச்.ஐ.வி. உள்ள உடம்பில் அந்த விரட்டும் வலு குறைவு. கிருமி நிலைத்துத் தங்கிவிடுகிற வாய்ப்பு அதிகம். கல்லீரல் நார் பாய்வதும் வேகம். உலகில் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களில் சுமார் 27 லட்சம் பேருக்கு ஹெபடைடிஸ்-பியும் 23 லட்சம் பேருக்கு ஹெபடைடிஸ்-சி தொற்றும் சேர்ந்தே இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். கூட்டு மருந்து வந்து எய்ட்ஸ் மரணம் குறைந்ததும், அவர்களிடையே மரணத்துக்கு முக்கியக் காரணங்களில் ஒன்றாகக் கல்லீரல் நோய் மேலே வந்தது.

ஒரு மாத்திரையில் இரண்டு காவல்

இலவசக் கூட்டு மருந்து தொடங்கியது 2004 ஏப்ரல் 1. நாடு முழுவதும் எட்டு அரசு மருத்துவமனைகளில் தொடங்கினார்கள். தாம்பரம் அவற்றில் ஒன்று. எங்கள் ஊர் தமிழகத்தோடு சேர்ந்த அதே ஏப்ரல் 1, நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து எங்கள் ஊர்க்காரர்கள் சிலருக்கு இன்னொரு விடுதலையைக் கொண்டுவந்தது. அதுவரை காசு உள்ளவர் மட்டும் வாங்கிச் சாப்பிட்ட மருந்து அது. வீட்டையும் நிலத்தையும் விற்றவர்கள் உண்டு.

முதல் மருந்துக் கூட்டில் ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் இருந்தன. உயிரைக் காப்பாற்றிய மருந்துகள். ஆனால் ஹெபடைடிஸ்-பி சேர்ந்திருந்தவருக்கு இதில் ஒரு சிக்கல். மூன்றில் லாமிவுடின் மட்டுமே ஹெபடைடிஸ்-பி கிருமியையும் அடக்கும். ஒற்றையாளாக நின்று அடக்கும் மருந்தைக் கிருமி சில ஆண்டுகளில் பழகிக்கொள்ளும். நெவிரபின் சிலருக்குக் கல்லீரலையே தாக்கும். கூடவே ஹெபடைடிஸ்-பி இருக்கிறதா என்று பார்க்காமல் மருந்து கொடுத்தால், ஒரு பக்கம் எச்.ஐ.வி. அடங்கியிருக்க மறுபக்கம் கல்லீரல் கெட்டுக்கொண்டே போகும். ஏன் என்று தெரியாது.

பிறகு டினோஃபோவிர் வந்தது. அது இரண்டு கிருமிகளுக்கும் மருந்து. இன்று நாடு முழுவதும் அரசு கொடுக்கிற ஒற்றை மாத்திரையில் டினோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் இருக்கின்றன. முதல் இரண்டும் ஹெபடைடிஸ்-பியையும் பிடித்து வைக்கின்றன. அதாவது எச்.ஐ.வி.க்கென்று தினமும் ஒரு மாத்திரை விழுங்குகிற ஒருவர், தமக்குத் தெரியாமலே கல்லீரலுக்கும் காவல் போட்டுக்கொள்கிறார்.

இதில் நன்மை எவ்வளவோ அவ்வளவு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. “உடம்பு நல்லாத்தான் இருக்கு” என்று மாத்திரையை நிறுத்தினால், அடங்கியிருந்த ஹெபடைடிஸ்-பி சீறி எழும். சில வாரத்தில் கல்லீரல் செயலிழக்கிற அளவுக்குப் போகலாம். மருத்துவர் மருந்துக் கூட்டை மாற்றும்போதுகூட, டினோஃபோவிரை எடுக்கலாமா கூடாதா என்பது அந்த நோயாளிக்கு ஹெபடைடிஸ்-பி இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. ஆகவே மாத்திரை சாப்பிடுகிற ஒவ்வொருவருக்கும் அந்த ஒரு விவரம் தெரிந்திருக்க வேண்டும். இரத்தக் குரூப் தெரிந்திருப்பது போல.

எங்கள் மலைக்கு 365 படி. ஆண்டின் நாளுக்கு ஒன்று. டிசம்பர் 31 அன்று ஒவ்வொரு படிக்கும் பூசை செய்து திருப்படித் திருவிழா நடக்கும். ஒரு படியையும் தாண்டிக் குதிக்காமல் ஏறுகிறவர்களைப் பார்க்கும்போது, ஒரு நாளும் விடாமல் மாத்திரை எடுத்துக்கொள்கிறவர்களின் நினைவு எனக்கு வரும்.

பன்னிரண்டு வாரத்தில் போகிற நோய்

ஹெபடைடிஸ்-சி பெரும்பாலும் இரத்தத்தின் வழியாகப் பரவுவது. தொண்ணூறுகளில் இரத்தம் விற்றுப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் பேரில் 1998 ஜனவரி முதல் அது தடை செய்யப்பட்டது. இன்னொரு வழி, போதை ஊசி. 2000களில் சென்னையில் போதை ஊசி பகிர்ந்துகொண்டவர்களிடம் சுனிதி சாலமனின் ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனத்தார் நடத்திய ஆய்வுகளில் பாதிக்கு மேற்பட்டோரிடம் ஹெபடைடிஸ்-சி இருந்தது. எச்.ஐ.வி. உள்ளவர்களில் அதைவிடவும் அதிகம். ஒரே ஊசி, இரண்டு கிருமி.

அன்று அதற்கு இன்டர்ஃபெரான் ஊசிதான் சிகிச்சை. பல மாதம் காய்ச்சல், சோர்வு, மன வாட்டம், லட்சக்கணக்கில் செலவு. பாதிப் பேருக்குப் பலனும் இல்லை. எச்.ஐ.வி. உள்ளவருக்கு அது எட்டாக் கனி. இன்று சோஃபோஸ்புவிர் வகை மாத்திரைகளைப் பன்னிரண்டு வாரம் சாப்பிட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு ஹெபடைடிஸ்-சி முற்றிலும் போய்விடுகிறது. எச்.ஐ.வி. இருந்தாலும் ஏறக்குறைய அதே பலன். 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இந்தச் சோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

ஜூலை 28 உலக ஹெபடைடிஸ் தினம். புளும்பெர்க்கின் பிறந்த நாள். 2015இல் அதே நாளில்தான் சென்னையில் சுனிதி சாலமன் காலமானார். முதல் எச்.ஐ.வி.யைக் கண்டறிந்த பிறகும் ஆய்வகத்தோடு நின்றுவிடாமல், 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேரைத் தொடங்கி நோயாளிகளோடு உட்கார்ந்து பேசியவர் அவர்.

வீட்டுக்குள் வந்த நோய்

நம் ஊர்ப் பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு எச்.ஐ.வி. வந்தது கணவன் வழியாக. நாமக்கல்லைச் சேர்ந்த பி. கௌசல்யா அதை வெளிப்படையாகச் சொன்ன முதல் பெண்களில் ஒருவர். 1998இல் அவர் தொடங்கிய எச்.ஐ.வி. உள்ள பெண்களின் கூட்டமைப்பு, “தப்பு செய்தவர்களுக்கு வருகிற நோய்” என்ற பேச்சை உடைத்தது.

ஆனால் அந்தப் பெண்களுக்கு இன்னொரு கிருமி காத்திருந்தது. பாலுறவால் பரவும் ஹெச்.பி.வி. பெரும்பாலான பெண்களின் உடம்பு அதை ஓரிரு ஆண்டில் விலக்கிவிடும். எச்.ஐ.வி. உள்ளவர் உடம்பில் அது தங்கிவிடும். தங்கினால் கருப்பை வாய்ப் புற்றுநோய். எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்ணுக்கு அந்தப் புற்று வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு. 2008ஆம் ஆண்டின் மருத்துவ நோபல், ஹெச்.பி.வி.க்கும் இந்தப் புற்றுக்கும் உள்ள உறவைக் கண்ட ஹரால்ட் சுர் ஹவுசனுக்கும், எச்.ஐ.வி.யைக் கண்டுபிடித்த பாரே சினூசி, மொந்தாக்னியே இருவருக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. ஒரே மேடையில் நின்ற இந்த இரண்டு கிருமிகளையும் நம் மருத்துவமனைகளில் வேறு வேறு அறைகளில் வைத்துத்தான் பார்த்தார்கள். ஓர் அறையில் கூட்டு மருந்து வாங்கிய பெண்ணைப் பக்கத்து அறைக்கு அனுப்புவார் இல்லை.

இன்று வழி இருக்கிறது. அசிட்டிக் அமிலம் தடவிக் கருப்பை வாயைப் பார்க்கிற எளிய சோதனை, 2007இல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் வந்தது. சில நிமிட வேலை. ஆரம்ப மாற்றம் தெரிந்தால் புற்றாக மாறுவதற்கு முன்பே சரிசெய்துவிடலாம். பொதுவாக முப்பது வயதில் தொடங்கலாம் என்பார்கள், எச்.ஐ.வி. உள்ள பெண் இருபத்தைந்திலேயே தொடங்கி, மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை செய்துகொள்ள வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தடுப்பூசியும் இருக்கிறது. 2023இல் இந்தியாவிலேயே தயாரான ஹெச்.பி.வி. தடுப்பூசி சந்தைக்கு வந்தது. 14 வயதுப் பெண் குழந்தைகளுக்குப் படிப்படியாக ஹெச்.பி.வி. தடுப்பூசி போடுவோம் என்று தமிழ்நாடு அரசு 2025 மார்ச் பட்ஜெட்டில் அறிவித்து 36 கோடி ரூபாய் ஒதுக்கியது.

யாருக்கு வருகிறது இரண்டாவது கிருமி?

அன்றைய ஆபத்துகளில் பல குறைந்துவிட்டன. கொதிக்கவைத்த ஊசியை மாற்றி மாற்றிக் குத்திய காலம் போய், ஒருமுறை போட்டதும் பூட்டிக்கொள்கிற ஊசி தடுப்பூசிக்கு வந்துவிட்டது. கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைடிஸ்-பி மூன்றும் பார்க்கப்படுகின்றன. தாய்க்கு இருந்தாலும், பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு ஹெபடைடிஸ்-பி ஊசி போட்டால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். தமிழ்நாட்டில் அந்தத் தடுப்பூசி 2007-08 முதல் குழந்தைகளுக்குப் போடப்படுகிறது. 2011 டிசம்பரில் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசியாக முதலில் வந்ததும் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும்தான். இன்றைய பள்ளிப் பிள்ளைகளுக்குக் காவல் உண்டு.

ஆபத்தில் இருப்பது அவர்களுடைய அப்பா அம்மா தலைமுறை. இன்று முப்பதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு அந்தத் தடுப்பூசி கிடைத்ததே இல்லை. எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களிலும் பெரும்பாலோர் இந்த வயதினர்தான். அதோடு, நோய் பிந்தித் தெரிந்தவர், சி.டி.4 குறைந்தவர், போதை ஊசி பகிர்ந்தவர், அடிக்கடி இரத்தமோ டயாலிசிஸோ தேவைப்படுகிறவர், ஆணுறை இல்லாமல் பலரோடு உறவுள்ளவர், ஆணோடு உறவுள்ள ஆண், திருநங்கையர் ஆகியோருக்கு இரண்டாவது கிருமியின் ஆபத்து கூடுதல். இதில் குடி சேர்ந்தால் கல்லீரலுக்கு இரட்டை அடி.

எங்கள் ஊர் சார்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மொட்டைக் கத்தி மாறிவிட்டது. ஆனால் திருவிழாக் கடைகளில் ஓரமாக உட்கார்ந்து மெஷினில் பச்சை குத்துகிறார்களே, அந்த ஊசி ஆளுக்கு ஆள் மாறுகிறதா? மை கிண்ணம் மாறுகிறதா? சாமி பேரையும் காதலி பேரையும் குத்திக்கொள்கிற பிள்ளைகள் ஒருவரும் கேட்பதில்லை. காது குத்துகிற கம்பிக்கும் அதே கேள்வி. தாய்மார்கள் பிளேடு உறையைப் பார்க்கக் கற்றுக்கொண்டது போல, பிள்ளைகள் பச்சை ஊசியின் உறையைப் பார்க்கக் கற்க வேண்டும்.

மாறாதது

நோயைவிட மெதுவாக மாறுவது கூச்சம். அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் இருக்கிறது. சோதனையும் ஆலோசனையும் இலவசம், இரகசியம் காக்கப்படும். ஒருவரின் சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி. சோதனை செய்யக் கூடாது, அவருடைய நிலையை வெளியே சொல்லக் கூடாது, வேலையிலும் மருத்துவத்திலும் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. 2022இல் எங்கள் மாவட்டத் தலைநகர் திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. ஆனாலும் சொந்த ஊரில் மருந்து வாங்கக் கூசி, தெரிந்தவர் இல்லாத ஊருக்குப் பஸ் ஏறுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். கொரோனா ஊரடங்கின்போது ஒரே தடவையில் சில மாத மருந்தைக் கொடுத்தார்கள். வீட்டுக்கே கொண்டுபோயும் கொடுத்தார்கள். அந்த வழக்கம் பலருக்கு வசதியாக இருக்கிறது. ஆனால் மருந்து வாங்க வருகிற நாள் குறைந்தால் கேள்வி கேட்கிற நாளும் குறையும் என்பதையும் மறக்கக் கூடாது.

எச்.ஐ.வி.யோடு இந்தியாவில் சுமார் 25 லட்சம் பேர் வாழ்கிறார்கள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, இரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அடங்கியவரிடமிருந்து உறவால் எச்.ஐ.வி. பரவாது என்பது இன்று நிரூபணமான உண்மை. பிள்ளை பெறலாம், பேரன் பேத்தி பார்க்கலாம். இவ்வளவு நாள் வாழப்போகிறவரின் கல்லீரலையும் கருப்பை வாயையும் கவனிக்காமல் விட்டால், முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதையாகிவிடும்.

எச்.ஐ.வி.யோடு வாழும் சகோதர சகோதரிகளே, அடுத்த முறை மருந்து வாங்கப் போகும்போது இவற்றைக் கேளுங்கள். எனக்கு ஹெபடைடிஸ்-பி, சி இரண்டும் பார்த்தாயிற்றா, முடிவு என் அட்டையில் எழுதியிருக்கிறதா? பி இல்லை என்றால் தடுப்பூசி எப்போது? உங்கள் உடம்புக்குக் கூடுதல் அளவு தேவைப்படலாம், அதையும் கேளுங்கள். பெண்கள், கருப்பை வாய்ச் சோதனை எந்த அறையில் என்று கேளுங்கள். மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். குடியை விடுங்கள். கூச்சமாக இருந்தால் 1097 என்ற இலவச எண்ணில் பேசலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை.

கேட்டால் கிடைக்கிற காலம் இது. கேளுங்கள்.